ஒரே ஆல்பத்துக்கு மூன்று ரீஇஷ்யூ: எதை வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: 1960, 70-களின் சைகடெலிக் ராக் (மனதை மயக்கும் ஒலிகளைத் தேடிய ராக் இசை), அதிலும் சொந்தக் காசில் அச்சடித்த பிரைவேட் பிரஸ் தட்டுகளை ரீஇஷ்யூவாக, அதாவது மறுவெளியீடாக, சேர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரே ஆல்பம் மூன்று லேபிளில் (தட்டை வெளியிடும் நிறுவனம்) மூன்று விலைக்குக் கிடைக்கிறது. எது ‘உண்மையான’ ரீஇஷ்யூ, தட்டின் எடை 180 கிராம் என்று போட்டிருந்தால் நல்லதா, பின்னாளில் விலை ஏறுமா? விலையை நம்பி முடிவெடுக்க முடியாததால்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ‘உண்மையானது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்தத் தட்டுக்கான பள்ளத்தை வெட்டும்போது எதை ஓட விட்டார்கள், அசல் பதிவு டேப்பையா, இன்னொரு தட்டையா? பாடியவர்களிடம் அனுமதி வாங்கினார்களா? இரண்டும் தனித்தனி. முறையாக அனுமதி பெற்று வந்து மோசமாக ஒலிக்கும் தட்டும் உண்டு, திருட்டுத்தனமாக அச்சிட்டும் அருமையாக ஒலிக்கும் தட்டும் உண்டு. கனமும் நிறமும் விலையும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாது.

டேப் ஏன் இவ்வளவு அரிது என்பது தெரிந்தால் மற்றது சுலபம். பிரைவேட் பிரஸ் என்பது குழுவோ, பாடகரோ, அவர் அப்பாவோ கைக்காசு போட்டு அச்சடித்த தட்டு. அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் இருந்தன. சின்சினாட்டியின் ரைட் ரெக்கார்ட்ஸுக்கு டேப்பையும் பணத்தையும் அனுப்பினால் சில நூறு தட்டுகள் வீடு தேடி வரும். செஞ்சுரி ரெக்கார்ட்ஸ் பெரும்பாலும் பள்ளிக்கூட பேண்டு, சர்ச் பாடகர் குழு என்று பதிவு செய்துகொண்டிருந்தது, இடையிடையே வீட்டு கார் கொட்டகையில் வாசித்துப் பழகிய ஒரு கராஜ் ராக் குழுவும் வந்து போகும். பிரிட்டனில் கணக்கு வேறு. 1973-இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வரும்வரை இருந்த பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற கொள்முதல் வரி, 99 பிரதிகளுக்கு மிகாமல் அச்சடித்தால் கிடையாது. ஃபாரெவர் ஆம்பர் என்ற குழுவின் 1969 ஆல்பம் ‘தி லவ் சைக்கிள்’ 99 பிரதி என்று நிற்பதற்குக் காரணம் கலைப்பிடிவாதம் அல்ல, வரி. இப்படி வந்த தட்டுகளின் டேப்பை யாரும் பாதுகாப்பு அறையில் வைக்கவில்லை. ஸ்டுடியோ அதே டேப்பின்மேல் அடுத்த வாடிக்கையாளரைப் பதிவு செய்தது, அல்லது அச்சகம் குப்பையில் போட்டது, அல்லது டிரம்மர் வீட்டுக் கொட்டகையில் கிடந்து ஈரம் குடித்தது. ஆகவே ‘மாஸ்டர் டேப்பிலிருந்து’, அதாவது அசல் பதிவு டேப்பிலிருந்து, என்ற வரியைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்படுவதே இந்த வகையில் இயல்பான நிலை. கொலம்பியா மாதிரி பெரிய நிறுவனத்தின் ஆல்பத்துக்கு அதே வரி நம்பக்கூடியது.

டேப் கிடைத்தாலும் பிரச்சினை முடிவதில்லை. 1970-களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற டேப்களில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக் கிறீச்சிடும், துகளே உரிந்து வரும். அதனால் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, அந்தப் பதம் போவதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றுகிறார்கள். இதைத்தான் டேப்பை ‘பேக்’ செய்வது என்கிறார்கள். அதற்கு முந்தைய அசிட்டேட் டேப்புக்கு இந்த வைத்தியம் கூடாது, சூட்டில் கெட்டுவிடும். ரீஇஷ்யூவின் உள்ளிதழில் டேப் எங்கே கிடைத்தது, எந்த நிலையில் இருந்தது, யார் மாற்றினார்கள் என்று இரண்டு வரி இருந்தால் அந்த லேபிள் வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறுமனே ‘டிஜிட்டலாக மெருகேற்றப்பட்டது’ என்றிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை.

டேப் இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் தட்டை ஓடவிட்டு அதிலிருந்து எடுப்பார்கள். சேகரிப்பவர்கள் இதை ‘நீடில் டிராப்’ என்று இளக்காரமாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீறல் இல்லாத பிரதியைத் தேடிப் பிடித்து, கழுவி, பள்ளத்துக்குப் பொருந்தும் ஊசியைப் போட்டு, கிளிக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினால், மூன்றாம் தலைமுறை (நகலின் நகலாக வந்த) டேப்பைவிட நன்றாகவே வரும். தவறு எங்கே என்றால், தேய்ந்த பிரதியை ஓடவிட்டு இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் முடுக்கிவிட்டு, உறையில் ‘மாஸ்டர் டேப்’ என்று அச்சடிப்பதில்தான்.

இதைக் காதால் பிடிக்கலாம். வாங்குவதற்கு முன்பே, லேபிள் இணையத்தில் போட்டிருக்கும் மாதிரியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி ஆகும். டிஜிட்டல் மாதிரியில் மெல்லிய ‘டிக்’ ஒன்று சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை நான்கைந்து தடவை திரும்பினால், அதன் மூலம் ஒரு கீறல் விழுந்த எல்பி. டேப்பில் அந்தத் தாளம் வர வழியே இல்லை. தட்டை வாங்கியபின் இதே சோதனையைச் செய்தால் ஏமாறலாம், ஏனென்றால் உங்கள் தட்டின் கீறலும் 1.8 விநாடிக்குத்தான் ஒலிக்கும். அப்போது விளக்கைச் சாய்வாகப் பிடித்து அந்த இடத்தைப் பாருங்கள். மேற்பரப்பு சுத்தமாக இருந்து, கழுவியபின்னும் டிக் அதே இடத்தில் இருந்தால், அது பள்ளத்திலேயே வெட்டப்பட்டது. அடுத்து பாட்டு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு விநாடி. டேப் என்றால் ‘ஸ்ஸ்’ என்று சீரான இரைச்சல் இருக்கும், தட்டு என்றால் அடியில் ஒரு குமுறல் கேட்கும். இரண்டும் இல்லாமல் கிணறு மாதிரி நிசப்தம், பாட்டு தேய்ந்து முடியும் இடத்தில் சிம்பலின் வால் நீருக்குள் கேட்பதுபோல் குழைகிறது என்றால் மென்பொருள் மிஞ்சிப் போயிருக்கிறது. மூன்றாவது, பக்கத்தின் கடைசிப் பாட்டு. தட்டின் உள்வட்டத்தில் ‘ஸ’, ‘ச’ எழுத்துகள் சிதறுவது சகஜம். ஆனால் அந்தச் சிதறல் டிஜிட்டல் மாதிரியிலும் கேட்டால் அது உங்கள் ஊசியின் குற்றம் அல்ல.

கணினி பழக்கம் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். பழைய பதிவுகளில் உயர் அதிர்வெண் ஒலி சரிவாகக் குறைந்துகொண்டே போகும். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நின்றால் அது 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் பார்க்கும் மாதிரியையே தளம் அப்படிச் சுருக்கி வைத்திருக்கலாம் என்பதால், காசு கொடுத்து இறக்கிய ஃபிளாக் கோப்பில் (ஒலி இழப்பில்லாமல் சேமித்தது) மட்டுமே இந்தச் சோதனை செல்லும்.

இந்தச் சோதனைகளுக்கு எல்லை உண்டு. கவனமாக எடுத்த நீடில் டிராப்பையும் நல்ல டேப் மாற்றத்தையும் காதால் பிரிப்பது பல நேரம் முடியாத காரியம். முடியும் என்று அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. இரண்டு ரீஇஷ்யூ வேறுவேறாக ஒலித்தால் ஒன்று போலி என்றும் ஆகாது. சாம்பியாவின் அமானாஸ் குழு 1975-இல் வெளியிட்ட ‘ஆஃப்ரிக்கா’ ஆல்பத்துக்கு இரண்டு மிக்ஸ் (ஒரே பதிவின் ஒலிகளைக் கலந்த விதம்) உண்டு. ஒன்று வறண்டது, மற்றது எதிரொலி ஏற்றியது. இரண்டுமே அந்தக் காலத்தவை. நவ்-அகைன் லேபிள் இரண்டையும் சேர்த்தே வெளியிட்டது. ஒன்றை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு மற்றது யாரோ கைவைத்துக் கெடுத்தது போலத் தோன்றும்.

இனி அனுமதி. ‘ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, ஐரோப்பாவில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்’ என்ற பேச்சு விற்பனையாளர்களிடம் சகஜம். இந்த வகை இசைக்கு அது பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளுக்கான 50 ஆண்டை 70 ஆண்டாக்க 2011-இல் ஆணையிட்டது, 2013 நவம்பர் அமலாக்கக் கெடு. 1962-ஓடு நின்ற பழைய பதிவுகள் மட்டும் திறந்தே இருந்தன, அடுத்தவை நீண்ட காலத்துக்குள் வந்துவிட்டன. சைகடெலிக் ராக் என்பதே 1966 வாக்கில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய பதிவுகள் நெடுங்காலம் கூட்டாட்சிச் சட்டத்துக்கு வெளியே, மாநிலச் சட்டங்களின் கீழ் கிடந்தன. 2018-இல் வந்த சட்டம் அதை மாற்றியது, அவற்றில் 1957 முதல் வந்தவற்றுக்கு 2067 பிப்ரவரி வரை காப்பு உண்டு. இந்தியாவில் வெளியீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு, அதாவது 1969 ஆல்பம் 2029 முடியும் வரை. ஆக, உரிமையாளர் பெயரே இல்லாத ரீஇஷ்யூ என்றால் சட்டத்தின் சந்தில் புகுந்தது என்பதைவிட, கேட்காமல் அச்சிட்டது என்பதே பொருத்தம்.

உறையின் பின்பக்கம் பாருங்கள். ‘இன்னாரிடமிருந்து உரிமம்’ என்ற வரி, ரீஇஷ்யூவின் ஆண்டு, லேபிளின் முகவரி அல்லது தளம், குழுவினரின் பேட்டியோ அவர்கள் கொடுத்த புகைப்படமோ உள்ள உள்ளிதழ். இவை இருந்தால் பெரும்பாலும் முறையானது. வெறும் ‘மேட் இன் ஈயூ’, ஒரு கேட்டலாக் எண், லேபிளின் பெயரில் தேடினால் தளமே இல்லை என்றால் முடிவு உங்களுக்கே தெரியும். சண்டேஸ்ட், லைட் இன் தி ஆட்டிக், நியூமரோ, நவ்-அகைன், ஸ்பெயினின் கெர்சென் போன்ற லேபிள்களில் இந்த விவரங்கள் வழக்கமாக இருக்கும், தொடங்குபவருக்கு அவை பாதுகாப்பான வாசல். முறையான லேபிளுக்கும் சில நேரம் ஆள் கிடைக்காது. லூயிஸ் என்ற பெயரில் 1983-இல் வந்த ‘லமூர்’ சைகடெலிக் அல்ல, ஆனால் அசல் பிரைவேட் பிரஸ். பாடியவர் எங்கே என்றே தெரியாத நிலையில் லைட் இன் தி ஆட்டிக் 2014-இல் அதை மறுபடி வெளியிட்டு, அவர் பங்கை எடுத்து வைத்தது. சில மாதங்களில் ஆளைக் கண்டுபிடித்தார்கள். அவர் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தேடியதும் பங்கை ஒதுக்கியதும் வெளியே தெரிந்தன, அதுதான் கேட்காமல் அச்சிடுபவர்களிடமிருந்து உள்ள வித்தியாசம்.

லேபிள் சொல்லும் மற்றொரு கதை, ஒரிஜினல் எத்தனை பிரதி என்பது. இதில் உறுதியானது மிகக் குறைவு. அச்சக ரசீது கிடைத்தால் உறுதி, இல்லையென்றால் ஐம்பது வருஷம் கழித்து கிடாரிஸ்ட் நினைவிலிருந்து சொன்ன எண். பிரேசிலின் லூலா கோர்ட்டெஸ், ஸே ரமாலோ இருவரின் 1975 இரட்டைத் தட்டு ‘பாயெபிரு’வை எடுங்கள். ரெசிஃபி நகரில் அந்த வருஷம் வந்த வெள்ளம் அதை வெளியிட்ட ரோஸன்பிளிட் நிறுவனத்தைத் தாக்கியது, பெரும்பாலான பிரதிகள் அழிந்தன என்பதில் தகராறு இல்லை. 1,300-இல் 300 மிஞ்சியது என்று எல்லாரும் எழுதுவது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. உண்மையைச் சொன்னால் அரிய தட்டுகளில் பாதி, அரிதாக இருப்பதைத் தவிர வேறு சிறப்பு இல்லாதவை. பேட்ரிக் லண்ட்போர்க் தொகுத்த ‘ஆசிட் ஆர்க்கைவ்ஸ்’ அந்த வகையில் உதவும், பாராட்டுவதைப் போலவே ஒதுக்கவும் தயங்காத கையேடு அது.

ரீஇஷ்யூவை ஒரிஜினல் என்று விற்பதும் நடக்கிறது, அதற்கு இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். முதலில் ரன்-அவுட், அதாவது கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையம். அங்கே பொறித்திருக்கும் எழுத்துகளை அப்படியே டிஸ்காக்ஸ் என்ற இணையத் தட்டுப் பட்டியலில் உள்ள பதிவோடு ஒப்பிடுங்கள். ஆறு இலக்க எண்ணும் அதையடுத்து E1/A என்றும் இருந்தால் அது செக் நாட்டின் ஜிஇஸட் மீடியா ஆலையில் இந்தக் காலத்தில் அச்சானது, உறை எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் சரி. அடுத்தது உறையின் எழுத்து. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் பாருங்கள். ஒரிஜினலில் பாட்டுப் பெயர்கள் திண்ணமான கறுப்பு மையில் இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தின் ஓரமெல்லாம் வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். சில பூட்லெக்குகளில் (அனுமதியில்லாத பதிப்புகளில்), பழைய பிரதியில் தட்டின் விளிம்பு அழுத்தி விழுந்த வட்டத் தேய்மானமே அச்சாகியிருக்கும். விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் தேய்மானம் தெரியும். பார்கோடு இருந்தால் சோதனையே வேண்டாம், 1970-களின் கடைசிக்கு முன் எல்பி உறையில் அது கிடையாது.

180 கிராம் பற்றி. கனமான தட்டு கையில் பிடிக்க நன்றாக இருக்கும், பள்ளத்தில் உள்ள ஒலியை அது மாற்றாது. 130 கிராமில் சரியாக அச்சான தட்டு, 180 கிராமில் அவசரமாக அச்சானதை எளிதில் தோற்கடிக்கும். பார்க்க வேண்டியது வேறு. ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம்? 18 முதல் 22 வரை வசதியாக இருக்கும். போனஸ் பாட்டுகளைத் திணித்து 26-ஐத் தாண்டினால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும், மேற்பரப்பு இரைச்சல் மேலே வந்துவிடும். துளை நடுவில் இருக்கிறதா? தட்டு சுற்றும்போது ஊசிக்கை இடமும் வலமுமாக ஆடுவது கண்ணில் தெரிந்தால், நீண்ட ஆர்கன் சுரங்கள் ஏறி இறங்கும். சைகடெலிக் இசையில் ஆர்கன் இல்லாத ஆல்பம் எங்கே? மூன்றாவது குறை, பிளாஸ்டிக் பள்ளத்தை முழுக்க நிரப்பாமல் விடுவது. துணியைக் கிழிப்பது போன்ற சத்தம், பெரும்பாலும் ஒரு சேனலில் மட்டும் வரும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் சாம்பல் பூத்தது போல மங்கித் தெரியும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. அரை நிமிட வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பி மாற்றித் தரக் கேளுங்கள்.

விலை ஏறுமா என்று கேட்டீர்கள். பொதுவாக இல்லை. ஒரு ரீஇஷ்யூ தீர்ந்ததும் விலை கொஞ்சம் ஏறும், லேபிள் மறுபடி அச்சடித்த அன்றே இறங்கும். டெக்ஸாஸின் ராக்கடெலிக் லேபிள் 1990-களில் சில நூறு மட்டும் அச்சிட்டவை போன்ற விதிவிலக்குகள் உண்டு, அவற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நம் ஊருக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவே பல நேரம் தட்டின் விலையைத் தொடும், அதன்மேல் சுங்கமும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேரும். விற்கும்போது அந்தக் காசு திரும்பி வராது. இங்கேயே இறக்குமதி செய்யும் கடையின் விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நாலைந்தைச் சேர்த்து வரவழைத்தால் அனுப்பும் செலவு பகிர்ந்துவிடும்.

வந்தபின் முதல் வேலை, மேலே இறுக்கிச் சுற்றியிருக்கும் சுருக்கு உறையைக் கழற்றுவது. நம் வெயிலில் அது இன்னும் இறுகித் தட்டை வளைக்கும். கடைகளில் கிடைக்கும் தடித்த, பளபளப்பான பிவிசி வெளியுறைகளைத் தவிருங்கள். சில வருஷங்களில் அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து தட்டில் பால் படிந்தது போல் படலம் விழும், அது இரைச்சலாகவே நிலைத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் உறை நல்லது. உள்ளே காகித உறை மட்டும் இருந்தால் தூசியும் கீறலும் விழும், வழவழப்பான உட்புறம் உள்ளதாக மாற்றுங்கள். செங்குத்தாக நிறுத்துங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். நிறுத்திய காருக்குள் ஒரு மதியம்கூட விடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் உள்ள மூன்று ரீஇஷ்யூக்களுக்கும் விற்பவருக்கு ஒரே செய்தியை அனுப்பிப் பாருங்கள்: மூலம் டேப்பா தட்டா, உரிமம் யாரிடமிருந்து, ரன்-அவுட்டின் புகைப்படம் அனுப்ப முடியுமா. மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அதை வாங்கலாம், மூலம் தட்டு என்று ஒப்புக்கொண்டாலும் சரி. உறையின் வாசகத்தையே திருப்பி அனுப்புகிறவரிடம் விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். மூவருமே சரியாகப் பதில் சொல்லவில்லையென்றால், லேபிளின் தளத்தில் டிஜிட்டலாக வாங்கிக் கேட்டுக்கொண்டிருங்கள். இந்த வகை ஆல்பங்களுக்கு நாலைந்து வருஷத்தில் இன்னொரு ரீஇஷ்யூ வருவது வழக்கம்தான்.